லினக்ஸில் மடிக்கணினியின் பற்றரி நேரத்தைக் கூட்டுவது எப்படி? (திங்க்பாட் டி440, உபுண்டு 24.04)

ஒட்டுசுட்டான் ஆசிரியை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மாலை வேளைகளில் சனசமூக நிலையத்தில் நடத்தும் வகுப்புக்கு, பாவித்த லெனோவோ திங்க்பாட் டி440 மடிக்கணினி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி வட்டு ஆகியன அதில் உள்ளன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்காது. ஆகவே உபுண்டு 24.04 ஐ நிறுவினேன். கணினி முன்னரைவிடச் சுறுசுறுப்பாக இயங்குகிறது. ஆனால் முழுமையாக மின்னேற்றிய பற்றரி இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்குவதில்லை. விண்டோஸில் இதைவிடக் கூடுதலான நேரம் கிடைத்தது.

மழையும் காற்றும் வந்தால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் நின்றுவிடும். திருத்த வேலைகளுக்காக மின்சார சபை மாலை வரை துண்டிக்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வகுப்பு முடியும் வரை, அதாவது ஏறத்தாழ மூன்று மணித்தியாலம், கணினி நின்றுபிடித்தால் போதும். பெரும்பாலும் யூரியூப் பாடக் காணொளிகளையும் கடந்தகால வினாத்தாள்களின் பிடிஎஃப் கோப்புகளையுமே திறக்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஒருவர் மின்சக்தியைச் சிக்கனமாக்கும் டிஎல்பி என்ற மென்பொருளை நிறுவச் சொல்கிறார். இன்னொருவர் அதை நீக்கச் சொல்கிறார். வேறொருவர் உபுண்டுவையே கைவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச் சூழல் உள்ள இலேசான லினக்ஸ் வெளியீட்டுக்கு மாறச் சொல்கிறார். குறை லினக்ஸில் உள்ளதா, பற்றரியில் உள்ளதா என்பதை அறிந்துகொள்ள வழி உண்டா?

அறிவியல் நகர் மாணவன்

வணக்கம் ரீச்சர். உங்கள் கடைசி வினாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பற்றரியில் எவ்வளவு சக்தி சேமிக்க முடிகிறது என்பதும், கணினி அதை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். முதலாவதை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. இரண்டாவதைப் பெருமளவு திருத்தலாம். இவ்விரண்டையும் அளந்து பார்க்காமல் டிஎல்பியா வேறொன்றா என்று விவாதிப்பதில் பயன் இல்லை.

சக்தியின் அளவை லினக்ஸ் மறைப்பதில்லை. யூபவர் கட்டளையை முனையத்தில் இயக்கினால், ஒவ்வொரு பற்றரிக்கும் 'எனர்ஜி-ஃபுல்-டிசைன்', 'எனர்ஜி-ஃபுல்' என்று இரண்டு எண்கள் வாற்று-மணியில் வரும். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த கொள்ளளவு முதலாவது. இன்று எஞ்சியுள்ள கொள்ளளவு இரண்டாவது. டி440 இல் இரண்டு பற்றரிகள் இருக்கும். ஒன்று உடலுக்குள், மற்றையது பின்புறம் கழற்றக்கூடியதாக. எனவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

உறிஞ்சும் வேகத்தை அறிய பவர்டொப் என்ற கருவியை நிறுவுங்கள். இன்டெல் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட கருவி இது. மின்செருகியைக் கழற்றிய பின்னரே இயக்க வேண்டும். அப்போதுதான் பற்றரியிலிருந்து எத்தனை வாற்று வெளியேறுகிறது என்பதைக் காட்டும். ஒன்றும் செய்யாமல் திரை மட்டும் எரியும்போது ஒரு முறையும், வகுப்பில் போடுவது போன்ற காணொளி ஓடும்போது இன்னொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். கொள்ளளவை வாற்றால் வகுத்தால் மணித்தியாலம் வந்துவிடும். இந்தக் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இலேசான வெளியீட்டுக்கு மாறுவதால் நினைவகம் மிச்சமாகும். ஆனால் வேலை இல்லாத வேளையில் எந்த மேசைச் சூழலிலும் செயலி உறக்க நிலைக்குப் போய்விடுவதால், பற்றரியில் பெரிய வேறுபாடு தெரியாது. பவர்டொப்பில் உள்ள தானியங்கிச் சீராக்கலையும் அவசரப்பட்டு நிரந்தரமாக்க வேண்டாம். யூஎஸ்பி சுட்டி சில விநாடிகளில் உறங்கிவிட்டு, அசைத்தாலும் உடனே எழும்பாத தொல்லை அதனால் வருவதுண்டு.

ஒட்டுசுட்டான் ஆசிரியை

மிக்க நன்றி தம்பி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். உட்புறப் பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவு 23.2 வாற்று-மணி, இப்போது 17.3. பின்புறப் பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவும் 23.2 தான், இப்போது 9.6 மட்டுமே. திரை மட்டும் எரியும்போது ஏறத்தாழ 7 வாற்று வெளியேறுகிறது. யூரியூப் காணொளி ஓடும்போது அது 15 வாற்றைத் தொடுகிறது. காற்றாடியும் விடாமல் சுழல்கிறது.

அறிவியல் நகர் மாணவன்

ரீச்சர், இரண்டையும் கூட்டினால் 26.9 வாற்று-மணி. அதை 15 ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலமும் முக்காலும் வருகிறது. நீங்கள் சொன்ன நேரத்துடன் இது ஒத்துப்போகிறது. அதே பற்றரிகளுடன் 9 வாற்றுக்குள் காணொளியை ஓட வைத்தால், நீங்கள் கேட்ட மூன்று மணித்தியாலம் கிட்டிவிடும்.

அந்த மேலதிக 8 வாற்று எங்கே போகிறது என்பதுதான் இங்கு முக்கியம். காணொளியின் சுருக்கத்தை விரிப்பதற்கென்றே இன்டெல் செயலியின் வரைகலைப் பகுதிக்குள் தனிச் சுற்று ஒன்று உள்ளது. அது வேலை செய்தால் மிகக் குறைந்த சக்தியே செலவாகும். அது வேலை செய்யாவிட்டால் செயலியின் கருக்கள் முழு வேகத்தில் அதே வேலையைச் செய்யும். உங்கள் நான்காம் தலைமுறைச் செயலியின் சுற்றுக்கு எச்.264 என்ற காணொளிச் சுருக்க வடிவம் தெரியும், விபி9 என்ற வடிவம் தெரியாது. விபி9 ஐ முழுமையாக வன்பொருளிலேயே விரிப்பது ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1 பதினோராம் தலைமுறையில். யூரியூப்போ, உலாவி ஏற்றுக்கொண்டால் விபி9 அல்லது ஏவி1 வடிவத்தையே முதலில் அனுப்பும். உங்கள் காற்றாடி விடாமல் சுழல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே முதலில், காணொளி விரிப்பை அந்தச் சுற்றிடம் ஒப்படைக்கும் விஏ-ஏபிஐ இயக்கிகளில் ஐ965 என்ற பெயருடையதை நிறுவுங்கள். புதிய இன்டெல் மீடியா இயக்கி ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் பொருந்தும். பலர் அதை நிறுவிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார்கள். பின்னர் விஏஇன்ஃபோ கட்டளையை இயக்கினால், வன்பொருள் விரிக்கக்கூடிய வடிவங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் எச்264 இருக்க வேண்டும். அடுத்து பயர்பொக்ஸில் எச்264ஐஃபை என்ற நீட்சியைச் சேருங்கள். அது யூரியூப்பிடமிருந்து எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். அந்த வடிவம் 1080 பிக்சல் தெளிவு வரைதான் கிடைக்கும். உங்கள் திரைக்கு 720 தாராளம்.

உண்மையில் வன்பொருள்தான் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியும். இன்டெல் ஜிபியூ டொப் என்ற கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு காணொளியை ஓட விடுங்கள். 'வீடியோ' என்ற வரியின் சதவீதம் சுழியத்திலிருந்து ஏறினால் சரி. ஏறாமல் அப்படியே நின்றால், பயர்பொக்ஸ் இன்னும் செயலியையே வருத்துகிறது என்று பொருள். அவ்வாறாயின், உங்களிடம் கோப்பாக உள்ள பாடங்களை எம்பிவி என்ற காணொளி மென்பொருளில் வன்பொருள் விரிப்பைத் தானியங்கி என்று அமைத்து ஓட விடலாம். கோப்பு எச்.264 ஆக இருந்தால் உலாவியைவிடச் சிக்கனமாக ஓடும். வைஃபையையும் அணைத்து வைக்கலாம்.

இதற்கு அடுத்து அதிகம் தின்பது திரையின் ஒளிர்வு. மாலையில் பாதி அளவு போதுமானது.

நெடுங்கேணித் தோட்டக்காரர்

மின்சாரம் நெடுநேரம் நிற்கும் நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தோட்டத்தில் சூரியத் தகடும் 12 வோல்ற்று ஈய-அமிலப் பற்றரியும் உள்ளன. முன்னர் இன்வேர்ட்டரால் 230 வோல்ற்றாக உயர்த்தி, அதில் மடிக்கணினியின் சார்ச்சரைச் செருகி மீண்டும் 20 வோல்ற்றாக இறக்கினோம். இரு தடவையும் சக்தி வெப்பமாக வீணாகியது. இன்வேர்ட்டர் சும்மா இருக்கும்போதும் தன் பங்கைத் தின்றது. இப்போது காருக்கென்று விற்கப்படும், 20 வோல்ற்று தரக்கூடிய யூஎஸ்பி-சி சார்ச்சரை நேரடியாக 12 வோல்ற்றில் இணைத்துள்ளேன். திங்க்பாட்டின் செவ்வக முனைக்கு மாற்றும் வடமும் கடைகளில் உண்டு. குறைந்தது 45 வாற்று தருவதாகப் பார்த்து வாங்குங்கள். பற்றரிக்கு அருகிலேயே உருகி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். சனசமூக நிலையத்தில் ஒரு சிறிய தகடு பூட்டினால் மாணவர்களின் மின்விளக்குக்கும் உதவும்.

ஒட்டுசுட்டான் ஆசிரியை

ஐ965 இயக்கியையும் நீட்சியையும் சேர்த்த பின்னர், அந்த 'வீடியோ' வரி அசையத் தொடங்கியது. ஒளிர்வையும் குறைத்துவிட்டு அளந்தபோது, அதே பாடத்துக்கு 9 வாற்றை ஒட்டியே காட்டுகிறது; காற்றாடியின் இரைச்சலும் இல்லை. அனைவருக்கும் நன்றி.

இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. மின்னேற்றத்தை 80 சதவீதத்துடன் நிறுத்தினால் பற்றரி நீண்ட காலம் உழைக்கும் என்கிறார்கள். ஆனால் மின்சாரம் நின்றுவிடும் நாளில் அந்த மிச்ச 20 சதவீதம்தானே எனக்குத் தேவைப்படும்? பின்புறப் பற்றரியை மாற்றுவதாயின் எதைக் கவனிக்க வேண்டும்?

மாங்குளம் கணினித் திருத்துநர்

வணக்கம் ரீச்சர். லித்தியம்-அயன் பற்றரிக்கு இரண்டு பகைகள் உண்டு: வெப்பமும், நிறைந்த நிலையிலேயே நாட்கணக்கில் கிடப்பதும். வன்னியில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ், மின்செருகியில் மாட்டியபடியே நாள் முழுவதும் 100 சதவீதத்தில் இருக்கும் மடிக்கணினிகளே என் மேசைக்கு உப்பிய பற்றரியுடன் வருகின்றன. விசைப்பலகை மேலெழுந்து, சுட்டித் தட்டு அமுங்காமல் நின்றால், அதற்குப் பிறகு அந்தப் பற்றரியை ஒரு நாள்கூடப் பாவிக்கக் கூடாது.

திங்க்பாட்டில் இதற்கான வழி லினக்ஸிலேயே உள்ளது. லினக்ஸின் மையக்கருவான கேர்னலின் 4.17 ஆம் பதிப்பிலிருந்து மின்னேற்றத்தின் தொடக்க, நிறுத்த எல்லைகளை இயங்குதளமே நேரடியாக அமைக்க முடியும். டிஎல்பியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் தொடக்கத்தை 75 என்றும் நிறுத்தத்தை 80 என்றும் இரு பற்றரிகளுக்கும் தனித்தனியே எழுதுங்கள். உபுண்டுவுடன் வரும் மின்சக்தி நிர்வாக மென்பொருளான பவர்-ப்ரொபைல்ஸ்-டீமனும் டிஎல்பியும் ஒரே அமைப்புகளைத் தொடுவதால் ஒன்றை மட்டுமே வைத்திருக்க வேண்டும். நீங்கள் இணையத்தில் கண்ட எதிரெதிரான அறிவுரைகளுக்கு இதுவே காரணம். எல்லைகள் தேவையில்லாதவருக்கு உபுண்டுவுடன் வருவதே போதும். உங்களுக்கு டிஎல்பிதான் பொருத்தம் என்பது என் கருத்து.

மிச்ச 20 சதவீதத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்காகவே டிஎல்பியில் ஃபுல்சார்ஜ் என்ற கட்டளை உண்டு. பற்றரியின் பெயரைக் கொடுத்து இயக்கினால், எல்லையை அப்போதைக்கு விலக்கி 100 வரை மின்னேற்றும். மறுமுறை கணினியைத் தொடக்கும்போது பழைய எல்லை தானாகத் திரும்பிவிடும். திருத்த வேலை அறிவித்த நாளுக்கு முதல் இரவோ, வானம் கறுக்கும் பிற்பகலிலோ அதைச் செய்துகொள்ளுங்கள். மற்ற நாட்களில் 80 போதும்.

பின்புறப் பற்றரியைப் பொறுத்தவரை, 9.6 இற்கு இறங்கியதை மாற்றத்தான் வேண்டும். டி440 இற்கு மூன்று கலங்கள் கொண்டதும் ஆறு கலங்கள் கொண்ட பெரியதும் உண்டு. பெரியது கீழே சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். ஆனால் 48 வாற்று-மணி கொண்ட ஒன்று கிடைத்தால், உட்புறத்துடன் சேர்த்து 9 வாற்றில் ஏழு மணித்தியாலம் வரும். வாங்கும்போது லேபிளில் உள்ள உற்பத்தித் திகதியைப் பாருங்கள். பெட்டி பிரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த பற்றரியும் உள்ளுக்குள் முதுமையடைந்திருக்கும். கடையிலேயே பூட்டி யூபவரை இயக்கி, 'எனர்ஜி-ஃபுல்' எண் லேபிளில் எழுதியிருப்பதற்கு அண்மையில் வருகிறதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். உட்புறப் பற்றரியில் மின்னேற்றம் இருக்கும் வரை, கணினியை நிறுத்தாமலே பின்புறத்தைக் கழற்றி மாட்டலாம். எனவே பழையதையும் எறிந்துவிடாமல் பையில் வைத்திருந்தால், அதுவும் 9 வாற்றில் ஒரு மணித்தியாலம் தரும்.