எல்எஃப்பி பற்றரி: மீற்றரில் 38 வீதம், ஓட்டோ மேம்பாலத்தில் நிக்குது

வெள்ளவத்தை_ஓட்டோ

பெற்றோல் எஞ்சினைக் கழற்றி மின்சாரத்துக்கு மாத்தின ஓட்டோ. எல்எஃப்பி (லிதியம் இரும்பு பொஸ்பேற்) செல் 16 தொடரா, 51.2 வோல்ற், 100 அம்பியர்-மணி. சார்ஜர் 15 அம்பியர். பிஎம்எஸ் (பற்றரியைக் கண்காணிச்சு, ஆபத்தெண்டால் வெட்டிவிடுற போர்ட்) ஆப்பில் 38 வீதம் காட்டேக்க தெஹிவளை மேம்பாலம் ஏறினால் 110 அம்பியர் இழுத்து உடனே கட் ஆகுது. ஒரு நிமிசம் விட்டு ஓன் பண்ணினால் திரும்ப ஓடுது, வீதமும் அதே 38. முழுசா சார்ஜ் போட்ட மறுநாள் ஒரு பிரச்சினையும் இல்லை; மூண்டாம் நாள் பின்னேரம்தான் இப்பிடி. ஆயுள் கூடும் எண்டு இடையில 80 வீதத்தோட சார்ஜை நிப்பாட்டுறது. விளக்கு, ஹோர்ன், ஸ்பீக்கருக்குத் தனி 12 வோல்ற் கன்வெர்ட்டர். விற்ற இடத்தில முழுப் பற்றரியையும் மாத்தச் சொல்லுகினம். செல் போச்சுதா, பிஎம்எஸ் பிழையா?

மில்லிஓம்

மாத்த அவசரப்படாதேங்கோ. "மறுநாள் சரி, மூண்டாம் நாள் பிழை" எண்டதிலயே பாதி விடை இருக்கு. செல் செத்திருந்தால் மறுநாளும் காட்டிக் கொடுத்திருக்கும்.

38 எண்டது அளந்த எண் இல்லை. உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் இரண்டையும் பிஎம்எஸ் கூட்டிக் கழிச்சுச் சொல்லுற கணக்கு. ஷண்டைக் (பிஎம்எஸ் கரண்டை அளக்கிற சின்னத் தடை) கடக்காத கரண்ட் அந்தக் கணக்கிலயே வராது. கன்வெர்ட்டரின்ர கறுப்பு வயர் பிஎம்எஸ்ஸின் பி மைனஸில (B-, பற்றரிப் பக்கம்) இருக்கா, பீ மைனஸில (P-, லோட் பக்கம்) இருக்கா எண்டு பாருங்கோ. உச்சரிப்பு ஒண்டுபோல இருக்கிறதால இதில குழம்பாத ஆள் குறைவு. பற்றரிப் பக்கம் எண்டால் கணக்கு இதுதான்: 60 வாற் லோட், 51 வோல்ற்றில் ஏறத்தாழ 1.2 அம்பியர், நாளுக்கு 8 மணித்தியாலம் எண்டால் 9.6 அம்பியர்-மணி, மூண்டு நாளில் 29, அதாவது 100 அம்பியர்-மணிப் பற்றரியில 29 வீதம். 38இல் 29 போனால் மிச்சம் 9 வீதம். அந்த நிலையில 110 அம்பியர் கேட்டால் பலவீனமான ஒரு செல் 2.5 வோல்ற்றுக்குக் கீழ விழும், பிஎம்எஸ் வெட்டும். லோட் போனதும் வோல்ற்றேஜ் திரும்ப ஏறும், வண்டியும் ஓடும். நீங்கள் சொன்னது அச்சொட்டா இதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்டும் இருக்கு. அப்பிடி இணைச்ச கன்வெர்ட்டர், பிஎம்எஸ் வெட்டின பிறகும் செல்லை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வண்டியை ஒரு கிழமை நிப்பாட்டினால் செல் உண்மையாவே செத்துப்போகும்.

கொச்சிக்கடை_வயர்மன்

வயரை லோட் பக்கம் மாத்தினால் பிஎம்எஸ் வெட்டேக்க விளக்கும் சேர்ந்து அணையும். இரவில மேம்பாலத்தில அது விளையாட்டில்லை. கன்வெர்ட்டரின் 12 வோல்ற் பக்கத்தில ஒரு சின்ன 7 அம்பியர்-மணி லெட் அசிட் பற்றரி வையுங்கோ, கன்வெர்ட்டர் 13.6 வோல்ற் அளவில செற் ஆகியிருக்க வேணும். 51 வோல்ற் பக்கத்துக்கு 5 அம்பியர் ஃபியூஸ். கார் பிளேட் ஃபியூஸ் வேண்டாம், சாதாரணமா அது 32 வோல்ற்றுக்குத்தான். உருகினாலும் டிசியில பொறி நிண்டு எரியலாம். 80 வோல்ற் டிசி எண்டு அடிச்சதை வாங்குங்கோ.

மில்லிஓம்

சரியான கதை. 80 வீதப் பழக்கத்தையும் விடுங்கோ. அது ஃபோன், லப்ரொப்பில இருக்கிற கோபால்ற், நிக்கல் வகை லிதியம் செல்லுக்குச் சொன்ன புத்தி. எல்எஃப்பியின் வோல்ற்றேஜ் கோடு மேசை மாதிரித் தட்டை: 40 வீதத்துக்கும் 60 வீதத்துக்கும் இடையில, ஆறவிட்டு அளந்தாலும், ஒரு செல்லில வித்தியாசம் 20 மில்லிவோல்ற்றைத் தாண்டாது. சார்ஜ் ஆகி வந்த செல்லும் டிஸ்சார்ஜ் ஆகி வந்த செல்லும் ஒரே வீதத்தில வேற வேற வோல்ற் காட்டும், அந்த இடைவெளியே பல மில்லிவோல்ற். மலிவு பிஎம்எஸ்ஸின் அளவுப் பிழை இன்னும் 5. நடுவில நிண்டுகொண்டு வோல்ற்றை வைச்சு வீதம் திருத்த ஏலாது. நடைமுறையில கணக்குச் சரியாகிற இடம் முழுச் சார்ஜ் முனைதான்.

கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் 56.8 வோல்ற் வரைக்கும் (செல்லுக்கு 3.55) ஏத்தி, கரண்ட் 5 அம்பியருக்கு இறங்கும்வரை விடுங்கோ. ஓட்டம் தொடங்கிற நேரத்துக்குக் கிட்ட முடியிற மாதிரிப் போடுங்கோ. முழுசா நிரம்பின பற்றரியைப் பகல் வெயிலில நிப்பாட்டுறதுதான் ஆயுளைக் குறைக்கும்.

கட்டுபெத்த_மாணவன்

கல்மன் ஃபில்டர் போட்ட பிஎம்எஸ் எண்டால் தானாத் திருத்தாதா? பிளெட் எண்ட ஆய்வாளர் 2004இல எழுதின கட்டுரைகள் அதுக்குத்தானே?

மில்லிஓம்

கொள்கை சரி. ஒரு வோல்ற்றேஜ் மூலம், ஒரு தடை, ஒண்டு ரெண்டு ஆர்சி சோடி (தடையும் கொள்ளளவியும்) எண்டு செல்லுக்கு மாதிரி செய்து, அது எதிர்பார்க்கிற வோல்ற்றையும் அளந்த வோல்ற்றையும் ஒப்பிட்டுத் திருத்தும். ஆனால் கோடு தட்டையான இடத்தில வோல்ற்றில தகவலே இல்லை, ஃபில்டர் திரும்பக் கரண்ட் கணக்கைத்தான் நம்பும். அந்தக் கரண்ட் ஷண்டைச் சுத்திப் போனால் எந்தக் கணிதமும் கைகொடுக்காது.

மாதிரிக்கான எண் எடுக்கிறது லேசு. 50 வீதத்தில ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு 50 அம்பியர் 10 செக்கன் இழுங்கோ. 3.290இல இருந்து உடனே 3.215க்கு விழுந்தால் 75 மில்லிவோல்ற், அதாவது 1.5 மில்லிஓம். 10 செக்கன் முடிய 3.185 எண்டால் மேலதிக 0.6 மில்லிஓம் ஆர்சி பங்கு. 16 செல்லையும் இப்பிடி எடுங்கோ. ஒண்டு மட்டும் மற்றதுகளின்ர இரண்டு மடங்கு எண்டால் அதுதான் ஆள்.

வெள்ளவத்தை_ஓட்டோ

கறுப்பு வயர் பற்றரிப் பக்கம்தான், மாத்தியாச்சு. முழுச் சார்ஜில 11ஆம் செல் 3.36, மற்றது எல்லாம் 3.5க்கு மேல. பிஎம்எஸ் பலன்ஸ் பண்ணும்தானே?

கொச்சிக்கடை_வயர்மன்

வழமையான பிஎம்எஸ் 60 மில்லிஅம்பியர் மாதிரித்தான் கழிக்கும். 4 அம்பியர்-மணி வித்தியாசம் எண்டால் 67 மணித்தியாலம், அதுவும் செல் மேல் முனையில இருக்கிற நேரம் மட்டும். வண்டியின் சார்ஜரைக் கழற்றிப்போட்டு, 11ஆம் செல்லுக்கு மட்டும் பெஞ்ச் சப்ளையால 10 அம்பியர் குடுங்கோ, 24 நிமிசம் போதும். 3.55 வோல்ற்றை கொழுவ முதலே செற் பண்ணுங்கோ. சப்ளையின் மைனஸ் எர்த்தோட சேர்ந்திருக்கக் கூடாது.

ஏத்தின பிறகும் லோட்டில அந்தச் செல் மட்டும் விழுந்து, விட்டதும் சடாரெண்டு ஏறினால் பஸ்பாரைப் (செல்லுகளை இணைக்கிற உலோகப் பட்டை) பாருங்கோ. 50 அம்பியரில முனைக்கும் பஸ்பாருக்கும் இடையில 5 மில்லிவோல்ற்றுக்கு மேல வந்தால் கழற்றித் தேய்ச்சுப் பூட்டவேணும். காலி வீதிக் கடல்காத்துக்கு அலுமினியம் பூத்துப்போறது கெதியா நடக்கும்.