சிலிண்டர், ஃபியூஸ், மோட்டார்: இதெல்லாம் ஆம்பளை வேலையா?

நொய்யல்_கரை:
கேஸ் சிலிண்டர் மாத்தறது, மெயின் போர்டுல கை வைக்கறது, மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா பார்க்கறது, மாடி டேங்க் கழுவறது. இந்த நாலும் வீட்ல ஆம்பளைங்க செய்ய வேண்டிய வேலைங்கறது என் கட்சி. பெண்களைத் தாழ்த்திச் சொல்லலைங்க, காரணத்தோடதான் சொல்றேன். சிலிண்டர்ல கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரோட எடை பக்கத் தகட்டுலயே எழுதியிருக்கும், 15, 16 கிலோ வரும். ரெண்டும் சேர்ந்தா 30 கிலோ. போர்டுல 230 வோல்ட். டேங்குக்கு ஏணி ஏறணும். எடை, ஷாக், உயரம். ஆபத்தான வேலையை ஆம்பளை எடுத்துக்கறது அவனோட கடமைதானுங்களே?

செண்பகப்பூ:
எடையை முதலில் பார்ப்போம். நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு, நிலையும் பிடிமானமும் தோதாக இருக்கும்போதே ஒருவர் தூக்குவதற்கு 23 கிலோவைத்தான் உச்ச அளவாக வைத்திருக்கிறது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை. அப்படிப் பார்த்தால் நிறைந்த சிலிண்டரை ஆணும் தனியாகத் தூக்கக்கூடாது. நிமிர்த்தி வைத்தபடி லேசாகச் சாய்த்து, அடி வளையத்தின் விளிம்பில் திருப்பித் திருப்பி நகர்த்தினால் போதும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு இருந்தால் அதுவும் வேண்டாம். டெலிவரி செய்பவர் அடுப்படி வரை கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்தக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கிறது.

மாற்றுவதற்கு வேண்டியது கவனம்தான். சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அடுப்பின் குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, ரெகுலேட்டரின் கறுப்பு வளையத்தை மேலே தூக்கினால் கழன்றுவரும். புது சிலிண்டரின் மூடியை அதன் நைலான் கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்ததும், வால்வுக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே சின்னக் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் விரிசல் விட்டிருந்தாலும் எவ்வளவு அழுத்தி மாட்டினாலும் கேஸ் கசியும். ரெகுலேட்டரை நேராக வைத்து, வளையத்தைத் தூக்கியபடி லேசாகத் திருகி அழுத்திவிட்டு வளையத்தை விட்டால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையை இணைப்பு முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, பழைய மூடியை மாட்டிவிட்டு, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதைச் செய்து காட்டுவதும் பெரும்பாலும் ஆண்கள்தான்.

மெயின்_போர்டு:
வயரிங் வேலை தெரிஞ்சவனா ஒண்ணு சொல்றேன். கரண்ட் போச்சுன்னா வீட்ல இருக்கவங்க செய்ய வேண்டிய வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரே வேணாம். போர்டுல எந்த ஸ்விட்ச் தானா கீழ விழுந்திருக்குன்னு பாக்கணும், அவ்ளோதான். எம்சிபிங்கறது ஒவ்வொரு லைனுக்கும் இருக்க சின்ன ஸ்விட்ச், அது விழுந்தா ஓவர்லோடு, இல்ல ஷார்ட். ஆர்சிசிபிங்கறது கசிவைப் பிடிக்கற ஸ்விட்ச், அது விழுந்தா எங்கயோ கரண்ட் எர்த்துக்குக் கசியுது: கீசர் காயில், வாஷிங் மெஷின், மழையில நனைஞ்ச வெளி லைட், இப்படி ஏதாவது ஒண்ணா இருக்கும். எல்லா எம்சிபியையும் இறக்கிட்டு, ஆர்சிசிபியை மட்டும் ஏத்துங்க. அது விழாம நின்னுச்சுன்னா எம்சிபியை ஒண்ணொண்ணா ஏத்துங்க. எதை ஏத்தும்போது விழுதோ அந்த லைன்லதான் கோளாறு. அந்த லைன்ல இருக்க பிளக் எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி ஏத்துங்க. இப்ப விழாம நின்னா வயரிங் நல்லாருக்கு, பிளக்குல மாட்டியிருந்த சாமான் ஒண்ணுதான் கெட்டுப்போச்சு. பத்து வயசுப் பிள்ளைக்குக்கூட இந்த வரிசை புரியும்.

நான் பாக்கற பெரிய தப்பு வேற. அடிக்கடி விழுதுன்னு 16 ஆம்ப் எம்சிபியை எடுத்துட்டு 32 ஆம்ப் மாட்டிடறாங்க. சுவத்துக்குள்ள ஓடறது 2.5 எஸ்க்யூஎம்எம் (சதுர மில்லிமீட்டர்) ஒயரு, அவ்ளோ கரண்ட்டைத் தாங்காது. எம்சிபி விழாது, ஒயரு சூடாகி உருகும். பழைய பீங்கான் ஃபியூஸ்ல செம்புக் கம்பியை முறுக்கி வைக்கறதும் இதே கதைதான். நமக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு கை வைக்கற ஆம்பளை செய்யற வேலை இது. தெரியாதுன்னு ஆளைக் கூப்பிடற அம்மாவால இந்த விபத்து வராது.

நொய்யல்_கரை:
எம்சிபி விஷயம் சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா மோட்டார்? 'உர்'ருன்னு சத்தம் மட்டும் வந்து சுத்தலைன்னா பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பற கெப்பாசிட்டர் போயிருக்கும். உடனே நிறுத்தணும், இல்லன்னா கொஞ்ச நேரத்துலயே காயில் கருகிடும். நிறுத்தின பின்னாலயும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், முனையைத் தொட்டா தூக்கி எறியும். சம்ப், அதான் தரைக்கடித் தண்ணித் தொட்டி, இன்னும் மோசம். மூடியே கெடந்த தொட்டிக்குள்ள நல்ல காத்து இருக்காது, இறங்கினவன் மயங்கி விழறான், காப்பாத்தப் போனவனும் விழறான். இதைப் பெண்கள் செய்யணும்னு சொல்லுவீங்களா?

செண்பகப்பூ:
சம்புக்குள் பெண் இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆணும் இறங்கக்கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலிருந்தே நீண்ட பிரஷ்ஷும் பம்ப்பும் வைத்துக் கழுவலாம். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பாதுகாப்புக் கருவியோடு வரும் ஆட்களிடம் விட்டுவிட வேண்டும். 'ஆம்பளைதானே, இறங்கு' என்று சொல்லும் வழக்கம்தான் அவர்களைக் கொல்கிறது.

மாடி டேங்குக்கு வருவோம். ஒரு சாண் தண்ணீர் மிச்சம் வைத்து, வெளியேறும் வால்வை மூடிவிட்டுத் தேய்க்க வேண்டும். சோப்போ ஆசிடோ கூடாது. அடிச் சேற்றை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு நிரப்ப வேண்டும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இதில் பெண்ணால் முடியாதது எது? ஏணி ஆடினால் யாருக்கும் ஆபத்துதான். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நைட்டியோடு ஏறாமல் சுடிதார் போட்டுக்கொண்டு ஏறலாம்.

ஆபத்து ஆண்களுக்கு என்கிறீர்களே, அடுப்படியில் இருப்பது என்ன? பிரஷர் குக்கரின் ஆவிக் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தால் வெயிட் விசிலடிக்காது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். பருப்பென்றால் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. கழிவறை கழுவும் திரவத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் பிடிக்கும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் முழங்காலிட்டு இதைச் செய்பவரை, ஆபத்தான வேலை செய்கிறார் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பலம் என்ற வாதமும் நிற்காது. கட்டட வேலைக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்லையும் கலவைச் சட்டியையும் தலையில் சுமந்து மாடி ஏறுபவர் சித்தாள், பெரும்பாலும் பெண். கரண்டியும் தூக்குக்குண்டும் பிடிப்பவர் கொத்தனார், ஆண். கூலி அவருக்குத்தான் அதிகம். எடை கூடின வேலை பெண்ணிடம் இருக்கிறது, கருவி பிடிக்கிற வேலை ஆணிடம் இருக்கிறது. வீட்டிலும் அதே கதைதான். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றியவரை பலவீனமானவர் என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

திண்ணை_பெரியவர்:
அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். ஒன்றிய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. இதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே கணக்கெடுப்பில், வருமானம் தரும் வேலைக்குப் போன ஆண் 459 நிமிடம், பெண் 333 நிமிடம் என்றும் இருக்கிறது. வேலைக்குப் போனவர்கள் ஆண்களில் 57.3 சதவீதம், பெண்களில் 18.4 சதவீதம். வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் என்று பிரித்துக்கொண்டதை அநியாயம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

செண்பகப்பூ:
ஐயா, எண்கள் சரி. வெளி வேலைக்கு ஓய்வுக்கால வயது இருக்கிறது. அடுப்படிக்கு இருக்கிறதா? 58, 60 வயதில் அவர் வேலை நின்ற பிறகும் அந்த அம்மாவின் காலைக் காப்பி நிற்பதில்லை. இன்னொன்று, அதே கணக்கெடுப்பில் வீட்டு வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 26.1 சதவீதம்தான், பெண்கள் 81.2. அந்த 97 நிமிடம் ஈடுபட்டவர்களின் சராசரி. நாலில் மூன்று ஆண்கள் அன்றைக்கு ஒரு வேலையும் தொடவில்லை.

வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டிலும் சிலிண்டர் கணவருக்கு, சமையல் மனைவிக்கு என்றுதான் பிரிகிறது. ஒரு சிலிண்டர் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரும். டேங்க் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. தோது பார்த்து ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம். இட்லி மாவு அப்படிக் காத்திருக்காது.

வைகை_அக்கா:
எல்லாரும் பேசுறதக் கேட்டுட்டு ஒண்ணு சொல்லணும்னு தோணுது. சிலிண்டர் மாத்தவும் ஃபியூஸ் பாக்கவும் பொம்பளைங்க கத்துக்கணும்னு செண்பகம் சொல்லுது. எதுக்குங்கிறேன்? ஒரு வீட்ல பொம்பளைக்கு ஒரு வேலை தெரிஞ்சிருச்சுன்னா, அன்னையிலருந்து அது அவ வேலை. 'உனக்குத்தான் தெரியுமே, நீயே மாத்திரு'ம்பாங்க. பேங்கு, ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில்லு எல்லாம் இப்படித்தான் ஒவ்வொண்ணா அவ தலைல வந்து சேந்துச்சு. பலமில்லாமயோ பயந்தோ ஒதுங்கல. தெரியாதுன்னு சொல்லித்தான் இந்த ஒரு வேலையாச்சும் ஆம்பளைங்க கையில கெடக்கு. அதையும் ஏன் வாங்கிப் போட்டுக்கணும்?

மெயின்_போர்டு:
அக்கா, இதுக்கு எங்கிட்ட பதிலே இல்ல. ஆனா ராத்திரி பத்து மணிக்கு கேஸ் நாத்தம் வருது, வீட்டுக்காரர் துபாய்ல இருக்காருன்னா? கேஸ் காத்தைவிட கனம், தரையோட தேங்கும். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ரெண்டுலயும் பொறி வரும். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரைக் கழட்டி, மூடியைப் போட்டு, வெளிய வந்துதான் ஃபோன் பண்ணணும். இது தெரிஞ்சிருக்கணும்க்கா. வேலையா எடுத்துக்காதீங்க, ஆனா தெரிஞ்சு வச்சுக்கங்க.

செண்பகப்பூ:
அக்கா சொன்னதை மனதார ஏற்கிறேன். கற்றுக்கொள்வது ஒரு பக்கமாக மட்டும் நடந்தால் அது கூடுதல் சுமைதான். அதனால் பண்டமாற்றாக நடக்க வேண்டும். சிலிண்டரும் போர்டும் மனைவி கைக்கு வரும் அதே வாரம், இட்லி மாவு வேலை முழுதாகக் கணவர் கைக்குப் போக வேண்டும். முழுதாக என்றால், கிரைண்டர் ஸ்விட்சைப் போடுவது மட்டும் அல்ல. உளுந்து தீரப்போகிறது என்று கவனிப்பது, நாளை மறுநாளைக்கு வேண்டும் என்று இன்றே ஊறப்போடுவது, அரைத்து முடித்துக் கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. 'உதவி செய்கிறேன், என்ன செய்யணும் சொல்லு' என்று வந்தால் பாதி வேலை மனைவியிடமே தங்கிவிடும்.

வைகை_அக்கா:
அப்படின்னா சரி. மாவை வாங்கிக்கிட்டா சிலிண்டரை நான் எடுத்துக்குறேன். ஆனா கடையில பாக்கெட் மாவு வாங்கிட்டு வந்து 'என் வேலை முடிஞ்சுது'ன்னு நிக்கக்கூடாது.

நொய்யல்_கரை:
சம்பும் ஏணியும் ஆம்பளை பார்க்கணுங்கறதுல நான் இன்னும் மாறலைங்க. சிலிண்டர், எம்சிபி ரெண்டையும் பட்டியல்ல இருந்து எடுத்துடறேன். மாவு எடுத்துக்கறதா இருந்தா அளவு என்னங்க? நாலு பேர் இருக்கற வீடு, மூணு நாளைக்கு வரணும். கோயம்புத்தூர்ல மார்கழில புளிக்கவே மாட்டேங்குது.

வைகை_அக்கா:
இட்லி அரிசி நாலு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும், உளுந்தும் வெந்தயமும் ஒண்ணா ஒண்ணரை மணி நேரம் போதும். உளுந்தை முதல்ல போட்டு, ஐஸ் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு அரை மணி நேரம் ஓட விடுங்க. மொத்தத் தண்ணியையும் ஒரேயடியா ஊத்துனா பொங்காது, இட்லி கல்லு மாதிரி வரும். ஒரு சொட்டு மாவைத் தண்ணியில போட்டா மெதக்கணும், அதான் பதம். அரிசியைக் கொஞ்சம் நறநறன்னு எடுங்க. உப்பு போட்டு கையாலயே கலக்குங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க, பொங்கி வழிஞ்சா தொடைக்கிறதும் உங்க வேலைதான். மார்கழிக் குளிருக்கு, லைட்டு மட்டும் எரியவிட்ட ஓவன்ல வைங்க, இல்லன்னா கம்பளி சுத்தி வைங்க. பன்னெண்டு மணி நேரம் புடிக்கும், அதனால சாயங்காலமே அரைச்சு முடிச்சிரணும்.