மறு: ‘ஒத்திசைவு’ மூன்று பொருளில் வருகிறது, எதை மாற்றுவது?

மொரிஷியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கான நம் இணைக்கணிமைக் (ஒரே வேலையைப் பலவாகப் பிரித்து ஒரே நேரத்தில் கணிப்பது) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய கணினியில் ‘மார்ச்=நேட்டிவ்’ (இந்தக் கணினியின் சில்லுக்கென்றே தொகு) என்று கொடுத்து ஜிசிசி தொகுப்பியில் தொகுத்த நிரலை, கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பும் எம்பிஐ வழியாக ஆய்வகம் முழுக்க ஓட்டினால், பழைய இன்டெல் பெட்டிகளில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ (தெரியாத கட்டளை) என்று நின்றுவிடுகிறது. பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இன்டெலில் 2013இல் ஹாஸ்வெல் சில்லுகளோடுதான் வந்தன, அதற்கு முந்தைய சில்லுக்கு அவை தெரியாது. லினக்ஸின் சிபியுஇன்ஃபோ கோப்பில், சில்லுக்கு எவை தெரியும் என்று சொல்லும் ஃப்ளாக்ஸ் வரியைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவான எக்ஸ்86-64-வி2 என்ற கட்டளை நிலைக்கு இறங்கித் தொகுத்தால் சரி. நிரலும் சில்லும் பொருந்தும் இந்தக் கம்பேட்டிபிலிட்டிக்கு வரைவில் ‘ஒத்திசைவு’ என்றிருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடும் இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் சிங்க்ரனைசேஷனும் ஒத்திசைவு, அதற்கடுத்து, சில்லின் ஒவ்வொரு கருவும் (கோர்) தன் கேஷ் நினைவகத்தில் ஒரே மதிப்பைக் காணச் செய்யும் கேஷ் கொஹிரன்சும் ஒத்திசைவு! இவை வெவ்வேறு என்பதுதானே இணைக்கணிமையில் பாடமே?

முந்தைய மடலில் போர்ட்லூயி அண்ணா ‘ஒவ்வு’ என்ற சொல்லை முன்வைத்து, ‘ஒ’ என்ற வேரிலிருந்து ஒப்பு, ஒவ்வு, ஒன்று என்று போய் குறளின் ‘பிறப்பொக்கும்’ வரை விரித்ததை ரசித்துப் படித்தேன். ஆனால் ‘ஒவ்வாமை’ என்றால் இன்று அலர்ஜி. ப்ராசசருக்கு நாம் எழுதும் ‘செயலி’யோ கைபேசி ஆப் ஆகிவிட்டது. ‘செயலி ஒவ்வாமை’ என்று தலைப்பிட்டால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? செயலியை நுண்செயலி ஆக்கிவிடுவோம்.

சென்னை நண்பர் கம்பேட்டிபிலிட்டி என்றே எழுதச் சொல்கிறார், எல்லோருக்கும் புரியுமாம். இங்கே புரியாது ஐயா. எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், செய்தித்தாளை பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில், புத்தகத்திலிருந்து வருவது. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பதுதான் அவர்களுக்குக் கடினம், ‘இணங்கு’ என்பதை அகராதியிலாவது தேடிக்கொள்வார்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியதற்கே எதிர்ப்புக் கிளம்பி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்த தீவு இது. அந்த எழுத்தில் பாடம் நடத்தவும் முடியவேண்டும்.

என் ஓட்டு ‘இணக்கம்’. இந்த நிரல் அந்தச் சில்லுக்கு இணங்கும், இணங்காது என்று வினையாகவும் வளைகிறது.

மோக்காவிலிருந்து:

தம்பி, இணங்குவது மனமிருந்து உடன்படுவது. சில்லுக்கு ஏது மனம்? ‘இயைபு’ நல்ல சொல். தொல்காப்பியர் செய்யுளின் எட்டு வனப்பில் (அழகில்) ஒன்றாகவே வைத்தார், எதுகை, மோனைபோலத் தொடையிலும் இயைபு உண்டு. இயையும், இயையாது என்று அதுவும் வினையாகும்.

ரீயூனியன், சாந்த்-ஆந்த்ரேயிலிருந்து:

இரண்டுமே எனக்குச் சம்மதம், ஆனால் ஆர்ம் என்ற வேறு வகைச் சில்லைப் பற்றிய பத்தியை என்ன செய்வீர்கள்? இன்டெலின் எக்ஸ்86 வகைச் சில்லில் ஒரு கரு நினைவகத்தில் எழுதியவை எழுதிய வரிசையிலேயே மற்றக் கருக்களுக்குத் தெரியும். ஆர்மில் அந்த உறுதி இல்லை. அதை நம்பி எழுதிய நிரலை ஆர்ம் சில்லுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் மறுபடி தொகுத்தால், நிற்காமல் ஓடி, சில நேரம் தப்பான விடை தரும். கட்டளைகளெல்லாம் இணங்கிவிட்டன, விடை மட்டும் தப்பு. இதை இணக்கச் சிக்கல் என்பீர்களா, ஒத்திசைவுச் சிக்கல் என்பீர்களா?

மோக்காவிலிருந்து:

அதைத்தான் நானும் கேட்கிறேன். சரி, அச்சகம் காத்திருக்கிறது, பெரும்பாலோர் ‘இணக்கம்’ என்கிறீர்கள், அப்படியே போகட்டும். ஆர்ம் பத்தியின் அடிக்குறிப்பில் ‘இயைபு’ இருக்கட்டும், அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.