இக்னிஷன் அட்வான்ஸுக்குத் தமிழ்ச் சொல்: முந்தலா, முற்படுத்தலா, பருவமா?

திருநெல்வேலியிலிருந்து:

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஐடிஐயில் டூவீலர் பிரிவுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே வருவது), ரிடார்ட் (பொறி தாமதித்து வருவது) இந்த மூன்றுக்கும் தமிழ்ச் சொல் தேடுவதில்தான் வண்டி நிற்கிறது.

என்னிடம் வந்த பழைய குறிப்பில் அட்வான்ஸுக்கு ‘தீப்பொறி முன்னேற்றம்’ என்று இருக்கிறது. இதை எடுத்தே ஆக வேண்டும். போன மாதம் ஒரு பையன் தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் பொறி வரும் நேரத்தை மாற்றும் மேக்னட் பிளேட்டைத் தானே திருப்பி வைத்து ஓட்டியிருக்கிறான். பத்தாம் நாள் பிஸ்டனைக் கையில் கொண்டுவந்தான். தலையில் பட்டாணி அளவு ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு வழிந்ததுபோல உருகியிருந்தது. ஏன்டா திருப்பினே என்றேன். “முன்னேற்றம்னு போட்டிருக்கே சார், கூட வச்சா பிக்கப் கூடும்னு நெனச்சேன்” என்றான். தப்பு அவன்மேல் மட்டும் இல்லை, அந்தச் சொல்மேலும் இருக்கிறது.

பொறி விட்ட கணத்திலேயே கலவை முழுக்க எரிந்துவிடாது, தீ பரவக் கொஞ்சம் நேரம் வேண்டும். இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் ஒரு மில்லிநொடியில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 18 பாகை திரும்பிவிடும், 6000 என்றால் 36 பாகை. பிஸ்டன் மேல்முனையைத் தொட்டு இறங்கத் தொடங்கி, கிராங்க் சுமார் 15 பாகை தாண்டும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளுவிசை வீணாகாது. அதற்காகத்தான் மேல்முனைக்கு முன்பே பொறி விடுகிறோம். அளவு மீறி முன்னால் போனால், மேலேறி வருகிற பிஸ்டனையே அழுத்தம் எதிர்த்து அடிக்கும். இஞ்சின் இடிக்கும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். ஆகவே எனக்கு வேண்டியது நல்லது கெட்டது எதையும் சொல்லாத, நேரத்தை மட்டும் சொல்லும் சொல்.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, நல்ல கேள்வி. டைமிங் என்பதற்கு நாம் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். குறளின் 49ஆம் அதிகாரமே காலமறிதல்தான். பகலில் கூகையைக் காக்கை வெல்வதும் காலத்தால்தான். அதே அதிகாரத்தில் ‘பருவத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்றும் வருகிறது. உரிய வேளை என்ற பொருள் அதில் முழுமையாக இருக்கிறது. பொறிப்பருவம் என்று வைக்கலாம். முன்பருவம், பின்பருவம் என்றால் மற்ற இரண்டும் வந்துவிடும்.

இக்னிஷனுக்கும் ஒரு வேர் காட்டுகிறேன். தீக்கடைகோலுக்குச் சங்கப் புலவர்கள் ஞெலிகோல் என்றார்கள். அதியமானை ஔவையார் புறநானூற்று 315ஆம் பாட்டில், வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகி வைத்த ஞெலிகோல்போல் தோன்றாமல் இருக்கவும் வல்லவன், அது கக்கிய எரிபோலத் தோன்றவும் வல்லவன் என்கிறார். உள்ளே உறங்கும் தீ, வேண்டும்போது வெளிப்படும் தீ. இஞ்சினுக்குள் நடப்பது இதுதானே? ஞெலிவு என்று பெயராக்கினால் மூவெழுத்தில் முடிந்தது. ஞெலி என்பது ஞெகிழியோடும் (கொள்ளிக்கட்டை) தொடர்புடையதா என்று தனி மடலில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஔவையார் பாட்டைப் படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் ஞெலிவு என்று கரும்பலகையில் எழுதினால் ஆசிரியர் முதல் அரை மணி நேரம் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். பருவமும் வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளைகள் வகுப்பில் பருவம் என்றால் அவர்கள் மனதில் வருவது வேறு. கல்லூரியிலோ அது செமஸ்டர்.

நானும் முதலில் முற்படுத்தல், பிற்படுத்தல் என்றுதான் எழுதிப் பார்த்தேன். நாம் பொறியை நகர்த்துவதால் செயப்படுபொருள் குன்றாத வினைதான் சரி. ஆனால் வாக்கியத்தில் போட்டதும் ‘பிற்படுத்தப்பட்ட பொறி’ என்று வந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை யாரும் சாதிச் சான்றிதழை நினைக்காமல் படிக்க முடியாது. அடித்துவிட்டேன்.

முந்தல், பிந்தல் என்று வைத்தால் என்ன? ‘பொறி 5 பாகை முந்துகிறது’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். முந்துவதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் முந்தி வந்துட்டது என்கிறோம், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து:

நான் திருவொற்றியூர்ப் பக்கம் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் பட்டறையில் டைமிங் ‘வைக்கிறோம்’. அட்வான்ஸ் ஆக இருந்தால் ‘முன்னால இருக்கு’, ரிடார்ட் என்றால் ‘பின்னால இருக்கு’. புதுச் சொல் வைத்தாலும் பையன் வேலைக்கு வந்த முதல் நாளே அட்வான்ஸ் என்றுதான் கேட்கப்போகிறான். கையேட்டில் அந்தச் சொல்லை ஒளிக்காதீர்கள்.

அப்புறம், சொல்லைவிட முக்கியமான ஒன்று. அட்வான்ஸ் பண்ணுவது பிரயோஜனமா என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பாயிண்ட் (திறக்கும்போது பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய புல்லட்டில், அதைத் திறக்கும் கேம்மேல் உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறையும். அது லேட்டாகத் திறக்கும், டைமிங் தானாகப் பின்னால் போய்விடும். வண்டி இழுக்காது, சைலன்சர் கொதிக்கும். அதைத் திரும்பச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் ஆளே மாறியதுபோல ஓடும். ஓனர் ‘அட்வான்ஸ் பண்ணிக் கொடுத்தார்’ என்று ஊரெல்லாம் சொல்வார். நான் செய்தது அட்வான்ஸ் இல்லை, கம்பெனி அளவுக்குத் திருப்பியது. அந்த ஒரு மணி நேர உழைப்பு முழுக்க வசூல். கம்பெனி அளவையும் தாண்டித் தள்ளுவது வேறு வேலை. ரேஸுக்கு கம்ப்ரஷனை மாற்றி, பெட்ரோலையும் மாற்றி, இஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்கிறவர்களுக்கு அது சரி. ஆபீசுக்குப் போகிற வண்டிக்குச் சூடுதான் மிச்சம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதி) வண்டிகளில் சுற்றையும் லோடையும் பார்த்து ஈசியூ என்ற கணினியே பொறி விடுகிறது. அங்கே ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இல்லை.

செய்முறையில் பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டில் இதைக் காட்டுங்கள்: டாப் கியரில் போட்டு, பிளக்கைக் கழற்றி, சாவியைத் திருப்பி, பின் சக்கரத்தை மெல்ல உருட்ட வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே நிற்கும். திறந்த கணத்தில் நடுவுக்குத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் பொறி. பையன்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தச் சொல் வைத்தாலும் புரிந்துகொள்வார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். நாங்கள் பள்ளியில் எரிபற்று வெப்பநிலை என்று படித்தவர்கள். அதனால் எனக்கு எரிபற்றல் என்பதே இயல்பாக வருகிறது. ஆனால் இங்கே பிளக்தான் பற்ற வைக்கிறது, தானாகப் பற்றுவதில்லை. ஆகவே பற்றவைப்பு என்றாலும் மறுப்பில்லை. பிந்தல் எங்களுக்கு நாளாந்தச் சொல். “ஏன் இவ்வளவு பிந்தினீங்கள்?” என்றுதான் கேட்போம். தாமதம் என்று எழுதுவதைவிட அது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து:

பட்டறை அண்ணன் எழுதிய முள் துள்ளலை இரண்டு முறை படித்தேன். பருவத்தை விட்டுவிடுகிறேன். கோவை அம்மா சொன்ன காரணம் சரிதான். ஆனால் பிந்து என்ற வினையடி விந்துவின் வடமொழி வடிவத்தோடு எழுத்தில் ஒன்றாகிறது. தலைப்பில் ‘பொறிப்பிந்து’ என்று தொகைச்சொல்லாக வந்தால் யாரும் புள்ளி என்றே படிப்பார்கள். முந்துவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முந்தானைகூட முன்+தானை, தானை என்றால் ஆடை. பொறி என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்னும்போது புலனுறுப்பு, பொறியியல் என்னும்போது இயந்திரம், எலி பிடிக்கவும் பொறி. ஒரே பக்கத்தில் எத்தனை பொறி?

கோவையிலிருந்து:

தொகையாக்காமல் ‘பொறி பிந்தல்’ என்று பிரித்தே எழுதலாம் ஐயா. இஞ்சினை இஞ்சின் என்றே எழுதிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பொறிதான்.

திருநெல்வேலியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நாளை அச்சகத்துக்குப் போகிறேன். ‘பற்றவைப்பு நேரம்’, ‘பொறி முந்தல்’, ‘பொறி பிந்தல்’ என்று வைத்துவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் டைமிங், அட்வான்ஸ், ரிடார்ட் மூன்றும் அருகிலேயே இருக்கும். பழைய வண்டிகளில் ஹேண்டில்பாரிலேயே ஒரு சின்ன லீவர் வைத்து, கிக் அடிக்கும்போது பொறியைப் பிந்த வைத்து, ஓடத் தொடங்கியதும் முந்த வைத்ததை ஒரு பத்தியாகச் சேர்த்தேன். இரண்டு சொல்லும் அந்தப் பத்தியில் தடுக்காமல் ஓடுகின்றன. அண்ணன் சொன்ன அம்மீட்டர் சோதனை செய்முறை 4. அந்த ஓட்டைப் பிஸ்டனையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

வாழ்த்துகள் ஐயா. பிந்தலில் என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும், மறுபதிப்பு வந்தால் மீண்டும் பேசுவோம். ஞெலிகோலை ஓர் அடிக்குறிப்பிலாவது சேர்க்க இடம் இருக்கிறதா?