அம்மாவுக்கு "எலும்பு தேய்மானம்" என்கிறார்கள், கால்சியம் கொடுத்தால் சரியாகுமா?

லயத்துமல்லி (சுங்கை சிப்பூட், மலேசியா):
வணக்கம். அம்மாவுக்கு வயது 58, எடை 74 கிலோ. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும்தான். ஒரு வருடமாக வலது முட்டியில் வலி. காலையில் எழுந்ததும் ஒரு கால் மணி நேரம் விறைப்பாக இருக்கும், நடந்தால் இளகும், சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். படி இறங்கும்போது கடகடவென்று சத்தம். கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு "எலும்பு தேய்ந்து இடைவெளி குறைந்திருக்கிறது" என்று பெனடோல் (பாரசிட்டமால்) கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் கால்சியம் பால் மாவு வாங்கிக் கொடு என்கிறார்கள். இன்னொருவர் முட்டியில் எண்ணெய் வற்றிப்போச்சு, நடக்கவே விடாதே என்கிறார். எதைக் கேட்பது? அம்மா இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறார்.

எலும்புக்கூடு206:
தங்கச்சி, குழப்பமே அந்தச் சொல்லில்தான். நம் ஆட்கள் இரண்டு வேறு நோய்களுக்கு "எலும்பு தேய்மானம்" என்ற ஒரே பேரை வைத்துவிட்டார்கள். ஒன்று, எலும்புக்குள் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு பஞ்சு மாதிரி ஆவது. அதில் வலியே இருக்காது, விழுந்து மணிக்கட்டோ இடுப்போ உடைந்த பிறகுதான் தெரியவரும். கால்சியம், வைட்டமின் டி பேச்செல்லாம் அதற்குத்தான். நீங்கள் சொல்வது மற்றது, மூட்டுத் தேய்வு. அதற்குக் கால்சியம் பால் மாவு எதுவும் செய்யாது.

முட்டியில் தொடை எலும்பின் அடி நுனியும் கீழ்க்கால் எலும்பின் தலையும் சேர்கின்றன, முன்னால் முட்டிச்சில். இந்த மூன்றின் முகத்திலும் வழுவழுப்பான குருத்தெலும்பு பூசியிருக்கும், 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம், சில்லுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தடிப்பு. நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு சவ்வுகள், எடையைப் பரப்பிக் கொடுக்க. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பும் சவ்வும் தெரியாது. படத்தில் கருப்பாகத் தெரிகிற அந்த "இடைவெளி" காலி இடம் இல்லை, அவை இருக்கும் இடம். இடைவெளி குறைந்தது என்றால் அந்தப் பூச்சு மெலிந்தது என்று பொருள். அம்மாவைப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்களா, நிற்க வைத்தா என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது முட்டியில் பாரம் இல்லை, இடைவெளி இருப்பதைவிட அகலமாகத் தெரியும்.

எண்ணெய் வற்றிய கதைக்கு வருவோம். நல்ல முட்டியிலேயே மூட்டுத் திரவம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான், 4 மில்லிலிட்டர் இருந்தாலே அதிகம். தேய்வு வந்த முட்டியில் பெரும்பாலும் நீர் கூடத்தான் செய்யும், வீங்குவது அதனால்தான். "நடக்கவே விடாதே" என்பது நல்லெண்ணத்தில் சொல்லும் கெட்ட யோசனை. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. பாத்திரம் கழுவும் பஞ்சை அழுத்தினால் நீர் வெளியேறி, விட்டால் உறிஞ்சுமே, அதுபோல ஒவ்வொரு அடியிலும் அழுந்தி விரிந்துதான் அது திரவத்திலிருந்து தன் உணவை எடுத்துக்கொள்கிறது. அசையாத முட்டி பட்டினி கிடக்கும். குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை. வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டை மூடியிருக்கும் பையிலிருந்தும் வருகிறது. வலியோ வீக்கமோ கூடவே வராத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

தோட்டத்துக்காரன்:
பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மூட்டுவலி மாத்திரை விற்கிறார்கள், இரண்டே நாளில் வலி பறந்துவிடுமாம். எதற்கு இவ்வளவு விளக்கம்?

மருந்துக்கடை அக்கா:
அந்த "இரண்டே நாள்"தான் தம்பி எனக்குச் சந்தேகம். ஒரு வருடத்து முட்டிவலியை மூலிகை இரண்டு நாளில் நிறுத்தாது. பதிவில்லாத ஜாமு (மூலிகை மருந்து), மூட்டுவலி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி போகும், பசி எடுக்கும், முகம் உப்பும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு உண்மையாகவே பஞ்சாகும், தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போவது நின்று இடுப்பு மூட்டு கெடவும் செய்யலாம். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது, மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவும். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப் போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் ஆளே சுருண்டு விழலாம். பெட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கி 8 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் (பாரம்பரிய மருந்துக்கு "டி", அதாவது T) கொண்ட பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

மல்லி, அம்மாவுக்கு முதலில் டிக்ளோஃபெனாக் ஜெல், வலிக்கு மேலே தடவும் மருந்து. டியூபில் போட்டிருக்கும் அளவுப்படி முட்டியைச் சுற்றித் தடவச் சொல்லுங்கள், தடவிய கையைக் கழுவ வேண்டும். பெனடோல் 500 மில்லிகிராம் என்றால் ஒரு வேளைக்கு 2, ஒரு நாளில் 8-ஐத் தாண்டவே கூடாது. சளி மருந்திலும் அதே சரக்கு இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். வலிக்கு வேறு மாத்திரை எதையும் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். அழுத்தம் உள்ளவருக்கு அவற்றில் பல அழுத்தத்தை ஏற்றி சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

பிசியோ தைப்பிங்:
மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் முட்டியைத் தாங்குவது தொடையின் முன்தசை. வலி வந்ததும் முதலில் மெலிவது அதுதான், மெலிந்தால் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும். மருந்தைவிட இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி 5 வினாடி பிடிக்க வேண்டும், 10 தடவை. பிறகு மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி, வலிக்கிற காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி 5 வினாடி, அதுவும் 10. இரண்டும் பழகியபின் உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார்வது, 10. நாளுக்கு இரண்டு வேளை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும். வராவிட்டால் அளவைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய 6 வாரமாவது ஆகும். பலர் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், அதுதான் தோல்விக்குக் காரணம்.

எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் ஏறும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும். 5 கிலோ குறைக்க முடிந்தால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

லயத்துமல்லி:
ரொம்ப நன்றி. கால்சியம் டின் வாங்கவில்லை. கைத்தடி வாங்கலாமா, வலது கையில்தானே பிடிக்க வேண்டும்? வேலையை இப்போதைக்கு விட முடியாது, அதற்கு என்ன வழி?

பிசியோ தைப்பிங்:
இல்லை, இடது கையில். வலிக்கிற காலுக்கு எதிர்க் கை. வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரம் தடிக்குப் போதும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

வேலைக்கு: முட்டியை முழுக்க மடக்கிக் குந்துவதுதான் எதிரி, அப்போது சில்லுக்குப் பின்னால் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் ஏறும். நீளக் கைப்பிடி வாரியால் பழங்களை ஓரிடத்தில் குவித்துவிட்டு, கூட்டாளி ஒருவர் அள்ளட்டும். தனியாகத்தான் என்றால் குட்டை ஸ்டூல் ஒன்று, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடை. வீட்டில் குந்தும் கழிவறையாக இருந்தால் மேலே வைக்கும் நாற்காலி கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள்.

எலும்புக்கூடு206:
ஒன்று விட்டுப்போச்சு. முட்டி சிவந்து, சூடாக வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தேய்வு இல்லை. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனை. மடக்கிய முட்டி நீட்ட வராமல் அப்படியே பூட்டிக்கொண்டாலும் காட்ட வேண்டும், சவ்வு கிழிந்து இடையில் சிக்கியிருக்கலாம்.

பிசியோ தைப்பிங்:
தடியின் அடியிலுள்ள ரப்பரையும் பார்த்துக்கொள்ளுங்கள் மல்லி. வரி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள், மழை பெய்த லயத்துச் (தோட்டத்து வரிசை வீடுகளின்) சிமெண்டுத் தரையில் அது வழுக்கும்.