அம்பை வீடு குரூப்: மச்சுல கிடந்த பணியாரச்சட்டி

சனிக்கிழமை

கணேசன்: [படம்] [படம்] [படம்]

கணேசன்: மச்சு ஒதுங்க வைக்கும்போது சாக்குக்குள்ள கிடைச்சது. பணியாரச்சட்டி ஒண்ணு, தோசைக்கல்லு ரெண்டு, காது உடைஞ்ச எண்ணெய்ச்சட்டி ஒண்ணு. நாலும் வார்ப்பு இரும்பு. யாருக்கு எது வேணும்னு சொல்லுங்க.

செல்வி: ஐயோ, அது எங்க அம்மா பணியாரச்சட்டில்லா! ஏழு குழி. மழை பெஞ்சா சாயங்காலம் கருப்பட்டிப் பணியாரம் அதுலதான். எனக்குத்தான் வேணும்.

கார்த்தி: இது சட்டியா? நான் கடல்ல முங்கின கப்பல்ல இருந்து எடுத்ததுன்னு நினைச்சேன்

பிரியா: அண்ணே, தோசைக்கல்லு ஒண்ணு எனக்கு. கோயம்புத்தூர்ல வாங்கின நான்ஸ்டிக் உரிஞ்சு போச்சு. ஆனா இவ்வளவு துரு போகுமா?

முத்து: கடைக்குக் கொண்டு வா மாப்ளே. கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டினா அரை மணி நேரத்துல பளபளன்னு ஆக்கித் தாரேன்.

கணேசன்: அத்தான், அதுதான் வேண்டாம்னு பாக்குதேன். தோசைக்கல்லு மேல்பக்கம் வருசக்கணக்குல தோசை வாத்துத் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு. பிரஷ் போட்டா கோடு விழுந்துரும். பணியாரக் குழிக்குள்ள உங்க பிரஷ் போகவும் செய்யாது.

முத்து: அது சரிதான். குழி கஷ்டம்.

ராஜம்: [குரல் பதிவு 0:52]

பிரியா: ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்காகப் பெரியம்மா சொன்னதை டைப் பண்றேன். வரட்டி அடுக்கி நடுவுல சட்டியை வச்சு எரிச்சா எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சாம்பலா உதிருமாம். அப்புறம் செங்கல்பொடியும் புளியும் போட்டுத் தேய்க்கணுமாம். அந்தக் காலத்துல அப்படித்தானாம்.

சங்கரன்: ராஜம் அக்கா சொல்வது பிசுக்குக்குச் சரி. துருவுக்கு நெருப்பு மருந்து இல்லை. வார்ப்பு இரும்பு ஒரே சீராகச் சூடாகாவிட்டால் வளையும், இல்லையென்றால் விரிசல் விடும். விறகடுப்பில் பானை வைத்துப் பழகினவர்களுக்குக் கைப்பக்குவம் இருந்தது. நமக்கு அது கிடையாது. கணேசா, முதலில் நாலையும் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டிப் பார். ணங்கென்று இழுத்துக் கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் எங்கேயோ விரிசல்.

கணேசன்: தட்டியாச்சு மாமா. நாலும் நல்லாக் கேக்குது. நான் கரண்ட் வச்சுத் துரு எடுக்கப் போறேன். கடைல பழைய பேட்டரி சார்ஜர் சும்மா கிடக்கு.

செல்வி: கரண்டா? தண்ணிக்குள்ளயா? ஏ கணேசா, பிள்ளைங்க ஓடியாடுற வீடு. பேசாம இரு.

கணேசன்: சித்தி, தண்ணிக்குள்ள போறது 12 வோல்ட்தான். பைக் பேட்டரி அளவு, கை பட்டாலும் ஷாக் அடிக்காது. 230 இருக்கிறது சார்ஜருக்குள்ள. அந்த சார்ஜரைத் தண்ணி தெறிக்காத இடத்துல, மரப்பலகை மேல வைக்கிறேன். டிரம்முக்குள்ள கை விடணும்னா பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான்.

சங்கரன்: மின்னாற்பகுப்பு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். சார்ஜரின் மைனஸ் சட்டியில், பிளஸ் வேறொரு இரும்பில். சட்டியின் மேல் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். துருவில் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறிப் பிடி விடும். தண்ணீரில் கரைக்கும் சோடா பழைய எண்ணெய்ப் படிவத்தைச் சோப்பாக்கிக் கழற்றும். நல்ல இரும்பு குறையாது. கிரைண்டருக்கும் புளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் துருவோடு இரும்பையும் தின்னும்.

பிரியா: பிளஸ் மைனஸ் மாறிப் போச்சுன்னா?

சங்கரன்: ஆச்சி சட்டி கரையும், கம்பி சுத்தமாகும்.

கார்த்தி: 😂😂

முத்து: பிளஸ்ல வைக்க இரும்பு நான் தாரேன். ஸ்டெயின்லெஸ் தகடு ஒண்ணு கிடக்கு, துருவே பிடிக்காது, எத்தனை வாட்டி வேணும்னாலும் போடலாம்.

சங்கரன்: மாப்பிள்ளை, அது மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டெயின்லெஸில் குரோமியம் இருக்கிறது. நேர்மின்வாயில் வைத்தால் அது தண்ணீரில் இறங்கும், ஆறு இணைதிறன் குரோமியமாக. புற்றுநோயை வரவழைக்கும் பொருள். ராணிப்பேட்டையில் ஆலைக் கழிவாக மலைபோல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததே, அதே சாமான். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? நாகம் பூசின ஜி.ஐ. கம்பியும் ஆகாது. சாதா இரும்பு போதும்.

முத்து: அப்போ எம்.எஸ்., அதான் சாதா இரும்புத் தகடு வெட்டித் தாரேன். இல்ல, வீடு கட்டி மிஞ்சின முறுக்குக் கம்பி மச்சுலயே கிடக்குமே.

கணேசன்: கம்பியே இருக்கு அத்தான். நீல பிளாஸ்டிக் டிரம்ல நாலு மூலைக்கும் நாலு கம்பி நட்டு, மேல செம்பு வயரால ஒண்ணாக் கட்டிட்டேன். குறுக்கே மூங்கில் வச்சு நடுவுல சட்டியைத் தொங்கவிடுறது. கம்பியும் சட்டியும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது, தொட்டா ஷார்ட். பிளஸ் கிளிப் தண்ணிக்கு மேலதான் நிக்கணும், முங்கினா கிளிப்பே கரைஞ்சிரும்.

கணேசன்: இதுல ஒரு விசயம். கரண்ட் கம்பிக்கு நேரா இருக்கிற பக்கத்துலதான் நல்லா வேலை செய்யும். முதுகுப் பக்கம் மந்தம். அதான் நாலு பக்கமும் கம்பி. குழியை ஒரு கம்பிக்கு நேராப் பாக்க வச்சு, அப்புறம் திருப்பணும்.

செல்வி: தண்ணில என்ன போடணும்? உப்பா?

சங்கரன்: உப்பு கூடாது செல்வி. குளோரின் வாயு கிளம்பலாம். வாஷிங் சோடா, துணி துவைக்கப் போடுவது.

செல்வி: ஆப்ப சோடா இருக்கு.

சங்கரன்: ஆப்ப சோடா வேறு, வாஷிங் சோடா வேறு. கடையில் கிடைக்கவில்லை என்றால் ஆப்ப சோடாவை இரும்பு வாணலியில் போட்டு வறு. ஆவியும் கரியமில வாயுவும் போய் வாஷிங் சோடா மிஞ்சும். 100 கிராம் போட்டால் 63 கிராம் கிடைக்கும். அலுமினிய வாணலி கூடாது, அரிக்கும்.

கணேசன்: கடைலயே வாங்கிட்டேன் மாமா. 40 லிட்டர் தண்ணிக்கு 10 பெரிய ஸ்பூன். கூடப் போட்டா கரண்ட் ஏறி சார்ஜர் சூடாகுது.

சங்கரன்: எங்கே வைக்கிறாய்? அடுக்களையிலா?

கணேசன்: இல்ல மாமா, தட்டட்டில. திறந்த வெளி.

சங்கரன்: நல்லது. விஞ்ஞானி ஃபாரடே 1830களில் சொன்ன கணக்குப்படி 5 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 2.3 லிட்டர் ஹைட்ரஜன். ராத்திரி 10 மணி நேரம் என்றால் 23 லிட்டர். மூடின அறையில் காற்றோடு 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். டிரம்மை மூடாதே. பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. கிளிப்பைக் கழற்றுமுன் சுவிட்சை அணை, கிளிப் விடும்போதும் பொறி வரும்.

முத்து: பீடின்னு யாரைச் சொல்லுதிய மாமா 😄

கார்த்தி: [இந்த மெசேஜ் நீக்கப்பட்டது]

சங்கரன்: இன்னொன்று. அந்தக் காது உடைந்த சட்டியில் என்ன காய்ச்சினார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? பழைய சட்டி என்றால் அதைக் கேட்காமல் தொடக்கூடாது.

ராஜம்: [குரல் பதிவு 0:31]

பிரியா: ஐயையோ. பெரியம்மா சொல்றாங்க, அது சமையல் சட்டியே இல்லையாம். தாத்தா வீச்சுவலைக்குக் குண்டு ஊத்த ஈயம் உருக்கின சட்டியாம். ஆச்சி அதை அடுக்களைக்குள்ளயே விட மாட்டாங்களாம்.

செல்வி: ஆமா! தொழுவுக்குப் பின்னால வச்சு உருக்குவாரு அப்பா. நானும் மறந்தே போனேன்.

சங்கரன்: அப்படியானால் அது டிரம்முக்குள்ளும் போகக்கூடாது. காரீயம் விஷம், அது தண்ணீரில் இறங்கினால் மற்ற மூன்று சட்டியிலும் ஒட்டும். எத்தனை தேய்த்தாலும் அதைச் சமையலுக்கு நம்ப முடியாது. கையைக் கழுவு கணேசா, சாக்கையும் தூரப் போடு.

கணேசன்: தனியா எடுத்து வச்சுட்டேன். மத்த மூணையும் சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு இப்போ ஒண்ணொண்ணா இறக்குதேன்.

பிரியா: மாமா இல்லேன்னா யாராவது அதுல அப்பளம் பொரிச்சிருப்போம்.

கணேசன்: [படம்] மைனஸ் கிளிப் கடிக்கிற இடத்துல மட்டும் சட்டியைச் சுரண்டி இரும்பு தெரிய வச்சேன். துரு மேல கடிச்சா கரண்டே போக மாட்டேங்குது. சார்ஜர் முள் இப்போ 5 ஆம்பியர்ல நிக்குது.

பிரியா: அண்ணே, எங்க வீட்ல இருக்கிற கார் சார்ஜர்ல இது ஓடுமா?

கணேசன்: ஆட்டோமேட்டிக்னா பெரும்பாலும் ஓடாது. எதுக்கால பேட்டரி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அது கரண்ட் விடும். என்கிட்ட இருக்கிறது பழைய டிரான்ஸ்ஃபார்மர் டைப், என்ன மாட்டினாலும் தள்ளும். இன்டர்நெட் பெட்டிக்கு வர்ற சின்ன அடாப்டரை மாட்டிராதே, எரிஞ்சிரும்.

செல்வி: கரண்ட் பில் எவ்வளவு வரும்?

கணேசன்: ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது சித்தி.

ஞாயிற்றுக்கிழமை

கணேசன்: [வீடியோ 0:18]

பிரியா: ஐயே, என்ன இது, செங்காவி நுரை!

கணேசன்: மேல மிதக்கிறது துருவும் பழைய பிசுக்கும். சட்டி மேல பூரா நுணுக்குக் குமிழ் ஒட்டியிருக்கு, காதைக் கிட்ட வச்சா சுர்ருன்னு சத்தம். கம்பி நாலும் அரிச்சுப் புண்ணாக் கிடக்கு. அதைச் சுரண்டி விட்டாத்தான் மறுபடி முள் ஏறுது.

கணேசன்: வெளில எடுத்ததும் சட்டி பூரா கறுப்புச் சேறு. கட்டைவிரலால தள்ளினேன், குழிக்குள்ள இருந்து தோல் உரியிற மாதிரி ஒரே படலமாக் கழண்டு வந்துச்சு. அடியில சாம்பல் நிறத்துல வெறும் இரும்பு. தேங்காநாரும் தண்ணியும்தான், வேற எதுவும் போட்டுத் தேய்க்கல.

கணேசன்: [படம்] [படம்]

செல்வி: அம்மாடி! எங்க அம்மா கூட இதை இப்படிப் பாத்திருக்க மாட்டா.

முத்து: மாப்ளே, ரெண்டாவது படம், அடிப்பக்கம் நடுவுல நீளமா ஒரு தழும்பு தெரியுதே, என்னது?

கணேசன்: நானும் விரிசல்னு பயந்தேன். ஆனா மேடாத்தான் இருக்கு.

முத்து: அப்போ பயமில்ல. மண் அச்சுல உருக்கின இரும்பை ஊத்துன வாய் அது. ஆறினதும் உடைச்சு விட்டுருப்பான். பழைய வார்ப்புல அடில அப்படித்தான் இருக்கும். அதைச் சமமாக்குறேன்னு சாணை பிடிச்சிராதே.

கணேசன்: தோசைக்கல்லும் ஒண்ணு முடிஞ்சது. கழுவி ஈரத்தோட வச்சுட்டு போன் எடுக்கப் போனேன், வாரதுக்குள்ள மஞ்சள் பூத்துருச்சு. இப்போ கழுவின கையோட அடுப்புல ஏத்திக் காய வைக்கேன்.

ராஜம்: [குரல் பதிவு 0:40]

பிரியா: வடிச்ச கஞ்சில மூணு நாள் ஊறப் போடணுமாம், அப்புறம் வெங்காயம் வதக்கணுமாம். புதுக் கல்லு பழக்குறது அப்படித்தானாம்.

சங்கரன்: புதுக் கல்லுக்கு அது சரி அக்கா. கடையில் பூசின எண்ணெயும் மையும் கஞ்சியில் விட்டுப் போகும். இது வெறும் இரும்பு. கஞ்சி புளித்தால் அமிலம், மறுபடி துருப்பிடிக்கும். இதற்கு உடனே எண்ணெய்தான்.

செல்வி: தேங்காயெண்ணெய் தடவலாமா?

சங்கரன்: நல்லெண்ணெய் தேவலை. தேங்காயெண்ணெய் சூட்டில் பிசினாகி இறுகாது.

கணேசன்: சித்தி, தடவுறதை விட துடைக்கிறதுதான் முக்கியம். சொட்டு எண்ணெய் விட்டுத் தடவி, எண்ணெயே தடவலைங்கிற அளவுக்குத் துணியால துடைச்சு எடுக்கணும். அப்புறம் சிம்ல வச்சுப் புகை வந்து அடங்கிற வரைக்கும் காச்சணும். ஆறினதும் மறுபடி. கனமாத் தடவினா பிசுபிசுன்னு ஒட்டும், தோசை எழும்பாது. நிறம் மாறி மாறிக் கறுக்கும்.

செல்வி: வெங்காயம்?

கணேசன்: அதையும் வதக்கிருங்க, பெரியம்மா கோவிக்கப் போறாங்க.

பிரியா: எனக்கும் ஆசை வந்துட்டு. எங்க ஹிண்டாலியம் குக்கர் அடி கறுத்துக் கிடக்கு, அதைப் போடலாமா?

கணேசன்: போடாதே. அலுமினியம் சோடாத் தண்ணில கரையும். பித்தளை, எனாமல், மரப்பிடி போட்டது எதுவும் வேண்டாம். இரும்பு மட்டும்.

செல்வி: என் இருப்புச்சட்டில லேசா துரு. பஸ்ல குடுத்து விடட்டா?

கணேசன்: அதுக்கு டிரம் எதுக்கு சித்தி? புளி வச்சுப் பத்து நிமிசம் தேய்ச்சுக் கழுவிக் காய வச்சு எண்ணெய் தடவுங்க, போதும். இது முத்திப் போனதுக்குத்தான். நிதம் புழங்குற கல்லைக் கரண்ட்ல போட்டா அதுல ஏறின எண்ணெய் எல்லாம் போயிரும், முதல்ல இருந்து பழக்கணும்.

முத்து: டிரம்மை அப்படியே வை மாப்ளே. கடைல இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒண்ணு துருப்பிடிச்சுச் சிக்கிக் கிடக்கு, சுத்தியல், ரெண்டு உளி, பழைய ஸ்பிரிங் எல்லாம் கிடக்கு. செவ்வாய்க்கிழமை கொண்டாரேன்.

சங்கரன்: வைஸ், சுத்தியல் சரி. உளியும் ஸ்பிரிங்கும் வேண்டாம் மாப்பிள்ளை. கடினமாக்கின எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறினால் பட்டென்று முறியும்.

செல்வி: பணியாரச்சட்டி போட்ட டிரம்ல கிரீஸ் அப்பின வைஸைப் போடப் போறியளா? ஏ கணேசா, மாப்பிள்ளைக்கு வேற டிரம் வாங்கு.

முத்து: சரி அத்தை, நானே வாங்கிட்டு வாரேன்.