இணைய வகுப்புக்கு முன் பாட நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் சோதிப்பது எப்படி?

சொல்தேடி:
வணக்கம். தமிழ் உரைகளைக் கணினியில் ஆராய விரும்பும் மொழி மாணவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியின் அறிமுக வகுப்பு ஒன்றை இணையத்தில் எடுக்கவிருக்கிறேன். வருபவர்கள் எவருக்கும் நிரல் எழுதிப் பழக்கமில்லை. பழமொழிகள் அடங்கிய ஓர் உரைக்கோப்பைத் திறந்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதுதான் முதல் பயிற்சி.

என் உபுண்டு (லினக்ஸ் வகை) கணினியில் நிரல் ஒழுங்காக ஓடுகிறது. விண்டோஸ் வைத்திருக்கும் தோழியிடம் கொடுத்தேன்: 'சார்மேப்' என்று தொடங்கி, 8டி என்ற பைட்டை (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிறு அலகை) படிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. 'மலை, நிலா' என்ற இரண்டு சொற்கள் மட்டும் உள்ள சிறு கோப்பைக் கொடுத்தால் பிழை வரவில்லை, ஆனால் தமிழுக்குப் பதில் கிறுக்கல் எழுத்துகள். மேக் வைத்திருக்கும் இன்னொருவருக்கு 'பைத்தான்' என்ற கட்டளையே இல்லை என்கிறது.

என்னிடம் இருப்பது ஒரே மடிக்கணினி. முதல் நாள் முழுவதும் நிறுவுவதிலேயே கரைந்தால், தயங்கித் தயங்கிச் சேர்ந்தவர்கள் மறுபடி வரமாட்டார்கள் என்பதுதான் என் கவலை. வழி சொல்லுங்கள்.

முனையம்:
விண்டோஸ் சிக்கலுக்கு உங்கள் செய்தியிலேயே விடை இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். உங்கள் கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் பைத்தான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். விண்டோஸிலோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால் கணினியின் பழைய குறியாக்கத்தை, பெரும்பாலும் 1252 என்ற பட்டியலை, எடுத்துக்கொள்கிறது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளி 8டி என்ற பைட்டில் முடிகிறது. உகரக் குறி 81இல் முடிகிறது. 1252 பட்டியலில் இந்த இரண்டு இடங்களும் காலி. அதனால்தான் புள்ளியோ உகரமோ வந்தவுடன் நிரல் நிற்கிறது. 'மலை, நிலா' இரண்டிலும் அவை இல்லை என்பதால் பிழையில்லாமல் கிறுக்கலாக வந்தது. பிழைச்செய்தி இல்லாத அந்த இரண்டாவது நிலைதான் ஆபத்தானது. சிறு மாதிரியை வைத்துச் சோதித்துவிட்டு 'ஓடுகிறது' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும், எழுதும் வரியிலும்கூட, என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். 3.15 பதிப்பிலிருந்து இதுவே இயல்பாக இருக்கும் என்று பைத்தான் குழு முடிவு செய்திருக்கிறது. ஆனால் மாணவர்களிடம் பழைய பதிப்புகள்தாம் இருக்கும்.

மேக்கில் 'பைத்தான்3' என்று கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணில்லாத பழைய கட்டளையை மேக்ஓஎஸ் 12.3இல் எடுத்துவிட்டார்கள். விண்டோஸில் பைத்தான் நிறுவாமலே அந்தக் கட்டளையைத் தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும், புதியவர்கள் மிரண்டுபோவார்கள். பயிற்சிக் குறிப்பில் இதைப் படத்துடன் போடுங்கள்.

மேகவாசி:
இவ்வளவு பாடு எதற்கு? உலாவியிலேயே பைத்தான் நிரலை ஓட்டும் கூகுள் கோலாப் பக்கம் எல்லோரையும் வரச் சொல்லிவிடுங்கள். உலாவி இருந்தால் போதும், இயங்குதளக் கவலையே இல்லை.

சொல்தேடி:
நல்ல யோசனைதான், ஆனால் வகுப்பு முடிந்தபின் அவர்கள் தங்கள் கணினியில், தாங்கள் சேர்த்துவைத்த கோப்புகளோடு, இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். கோலாப்பை மாற்று வழியாக வைத்துக்கொள்கிறேன்.

முனையம் அவர்களே, குறியாக்கத்தைக் குறிப்பிட்டதும் தோழியின் கணினியில் பழமொழிகள் அனைத்தும் வந்துவிட்டன. மிக்க நன்றி! இப்போது வேறொன்று. மேக் நண்பர் தன்னிடமிருந்த ஒரு கோப்பில் 'கொடு' என்று தேடினால் பூச்சியம் வருகிறது. அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறது!

முனையம்:
கோப்பிலுள்ள 'கொடு'வை நகலெடுத்து அதன் நீளத்தை அச்சிடச் சொல்லுங்கள். பிறகு விசைப்பலகையில் தட்டிய 'கொடு'வின் நீளத்தையும். ஒன்று 5, மற்றது 4 என்று வரும் என நினைக்கிறேன். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கோப்பைப் படித்தவுடனும், தேடும் சொல்லை வாங்கியவுடனும், பைத்தானின் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியிலுள்ள நார்மலைஸ் செயற்கூறால், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிவிடுங்கள். இது எந்த இயங்குதளத்திலும் வரக்கூடியது, மேக்கின் குற்றமல்ல.

சோதனைமேசை:
ஒரே மடிக்கணினி என்றீர்களே, அதற்கு ஒரு வழி. நிரலையும் மாதிரிக் கோப்புகளையும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியமாக வைத்தால், அதன் ஆக்‌ஷன்ஸ் வசதி விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் புதிய கணினியில் ஓட்டிக் காட்டும். பொதுக் களஞ்சியங்களுக்குக் கட்டணமில்லை. மேக்ஓஎஸ்ஸை உங்கள் உபுண்டுவில் மெய்நிகர் கணினியாக (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினியாக) நிறுவ முயல வேண்டாம். ஆப்பிளின் உரிமம் அதற்கு இடம் தருவதில்லை.

ஆனால் நிறுவும்போது வரும் திரைகளை இது காட்டாது. அதற்கு மனிதர்கள்தாம் வேண்டும். தோழியை விண்டோஸில் புதிய பயனர் கணக்கு ஒன்று திறந்து, உங்கள் குறிப்பை மட்டும் பார்த்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் நிறுவச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது. கணக்கின் பெயரில் நடுவே இடைவெளி இருக்கட்டும். பல நிரல்கள் கோப்புப் பாதையில் அங்கேதான் இடறும்.

மாணவர்களுக்கு மூன்று நாள் முன்பே ஒரு சிறு சோதனை நிரலை அனுப்புங்கள். இயங்குதளம், பைத்தான் பதிப்பு, 'கொடுத்தான்' என்ற சொல் உள்ள ஒரு கோப்பைப் படித்த முடிவு, இவ்வளவையும் அச்சிட்டால் போதும். அதை நகலெடுத்து அனுப்பாதவர்களை நீங்களே அழைத்துப் பேசுங்கள். சிக்கலில் இருப்பவர்கள்தாம் பெரும்பாலும் பேசாமல் இருப்பார்கள்.

சொல்தேடி:
நீளம் 5, 4 என்றேதான் வந்தது! மாற்றியபின் தேடல் சரியாகிவிட்டது. சோதனை நிரலையும் அனுப்பிவிட்டேன். ஒருவரிடம் மட்டும் 'எஸ் மோட்' விண்டோஸ், ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவ விடவில்லை. அதிலிருந்து வெளியே வரச் சொல்லலாமா?

சோதனைமேசை:
வெளியேறக் கட்டணமில்லை, ஆனால் திரும்பி அந்த நிலைக்குப் போக முடியாது. கணினி அவருடையதா, வேறு யாராவது கொடுத்ததா என்று முதலில் கேளுங்கள். அவருடையது இல்லையென்றால் கோலாப்பிலேயே தொடங்கட்டும். அதே கோப்பை அங்கே ஏற்றும் முறையைக் குறிப்பில் தனிப் பக்கமாகச் சேர்த்துவிடுங்கள்.